பல்லடத்து ரத்தமும் காங்கேயத்து எண்ணெயும்

1962-இல் என் ரத்தம் எங்கள் கோயமுத்தூர்க் கல்லூரிக்குப் பயன்பட்டது. அதற்கு முன்பு என்னுடைய எதுவும் பயன்பட்டதாகப் பதிவில்லை.

சிவப்பணுக்கள் அடியில் இறங்கியபின் ரத்தத்தில் மேலே தெளிவாக நிற்பது பிளாஸ்மா. அது வெறும் கண்ணாடியைத் தொட்டால் போதும், அதிலுள்ள ஒரு பொருள் முழித்துக்கொண்டு குடல் தசையைச் சுருக்கும். இதுதான் என் நண்பன் ரங்கராஜின் ஆய்வு. சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் சீனிவாசலு கண்ணால் பார்த்தால்தான் அவனுக்குப் பட்டம். ரத்தம் தர ஆள் வேண்டுமென்றான்.

"பல்லடம் நஞ்சப்பன் இருக்கறப்ப வேற எவன்டா?" என்று கையை நீட்டிப்போட்டேன்.

கினிப்பன்றியின் குடல் துண்டு ஒன்று வெதுவெதுப்பான உப்புநீரில் தொங்கியது. அது சுருங்கினால், அதோடு கட்டிய துரும்பு ஏறி, கரி படிந்த தாள் சுற்றிச் சுழலும் உருளையில் கோடும் மேலே ஏறும். ரங்கராஜ் என் பிளாஸ்மாவை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஆட்டி, குடலுக்கு விட்டான். துரும்பு ஏறவில்லை. கோடு அவிநாசி ரோடு மாதிரி நேராகப் போனது.

சீனிவாசலு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "கோயமுத்தூர் ரத்தமில்லையா. 'வாங்க'ன்னு கூப்பிட்டாத்தான் வரும் போல."

ரங்கராஜ் என் பக்கம் திரும்பினான். "உன்ற ரத்தமும் உன்னையாட்டமே சோம்பேறியாடா?"

பல்லடத்தை யாரும் அப்படிப் பேசியதில்லை. நான் வாய் திறப்பதற்குள், சோதனைக் குழாய்களைக் கழுவும் வள்ளியக்கா வாசலிலிருந்து கேட்டார்:

"ஏனுங்க தம்பி, குழாய் சரியில்லீங்களா? மெட்ராஸ் விருந்தாளி வாராருன்னு ஒவ்வொண்ணுக்கும் உள்ளார காங்கேயத்து எண்ணெய் தடவி, பளபளன்னு தொடச்சு வெச்சேனுங்களே."

ரங்கராஜ் குழாயை வெளிச்சத்தில் பிடித்தான். "சார், பிளாஸ்மா கண்ணாடியத் தொடவே இல்லீங்க. எண்ணெயத்தான் தொட்டிருக்குது. அக்கா, எண்ணெய் தடவாதது இருக்குதுங்களா?"

"விளிம்பு ஒடஞ்சது ஒண்ணு. மானம் போயிருமின்னு ஒளிச்சு வெச்சுப்போட்டேனுங்க."

அதே பிளாஸ்மாவை அந்த ஓட்டைவாய்க் குழாயில் ஊற்றி, சற்றே ஆட்டி, குடலுக்கு விட்டான். துரும்பு அவசரமில்லாமல், மருதமலைப் படி ஏறும் சம்சாரி மாதிரி ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது.

சீனிவாசலு பேனாவைத் திறந்தார். "எண்ணெய் இருந்தா தூக்கம், இல்லைன்னா முழிப்பு. ரெண்டையும் காட்டிட்டீங்க. திட்டம் போட்டுச் செஞ்சிருந்தாக்கூட இப்படி அமையாது." இரண்டு கோடுகளுக்கும் கீழே கையெழுத்துப் போட்டார்.

நான் வள்ளியக்காவைக் கூட்டிவந்து காட்டினேன். "அக்கா, இந்த மலை இருக்குதுங்களே, அது என்ற ரத்தம்."

"பக்கத்துல நேரா ஒரு கோடு?"

"உங்க எண்ணெயிங்க."

அவர் குனிந்து இரண்டையும் நிதானமாகப் பார்த்தார்.

"நம்முதுதானுங்க கோணலில்லாம இருக்குது."