அக்கா ஓட்டிய நண்பகல்

என் அக்காவுக்கு வியர்க்காது. கேட்பவர்கள் கொடுத்து வைத்தவள் என்பார்கள்; எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவள் உடம்பு சூட்டை வெளியே விட மறந்துவிட்டது. கொஞ்ச நேரம் வெயிலில் நின்றாலும் தலை சுற்றி விழுவாள். பதினோரு வருடமாக அவளுக்குப் பகல் என்பது திரைச்சீலை ஓரத்தில் தெரியும் ஒரு வெள்ளைக் கோடுதான்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. கல்யாணத்துக்கு முன்பு ஓட்டித் திரிந்த பழைய காரை, நட்டநடுப் பகலில் ஏரிவரை அவளே ஓட்ட வேண்டும். ஏசி வைத்த புதுக் கார் வாங்கித் தருகிறேன் என்று அவள் கணவர், என் மாமா, கெஞ்சிப் பார்த்தார். அவளா மசிவாள்?

நான் கார் ஏசி மெக்கானிக். அந்தக் கிழட்டு எஞ்சினின் தலையில் ஏசி கம்ப்ரஸரையும் கட்டினால் படுத்துவிடும். அதனால் பேட்டரியில் ஓடும் எலக்ட்ரிக் கம்ப்ரஸரை டிக்கியில் உட்கார வைத்தேன். குழாய்களைத் தரைவிரிப்புக்கு அடியில் கொண்டுபோனேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரி நிரம்புவதற்காகப் பெரிய ஆல்டர்னேட்டரும் மாற்றினேன். பேட்டரி இறங்கினால், வண்டியைக் கிளப்பக் கொஞ்சம் மிச்சம் வைத்து ஏசியை நிறுத்தும் சின்னப் பெட்டி ஒன்றும் கூடவே வந்தது. அக்கா உள்ளே இருக்கும்போது ஏசி எதற்கு நிற்க வேண்டும்? பெட்டியை விட்டுவிட்டு வயரை நேராக இணைத்தேன். அதை மாமாவிடம் பெருமையடித்துக்கொள்ளவும் செய்தேன்.

கிளம்பினோம். கண்ணாடிக்கு வெளியே பகல் சத்தமில்லாமல் மிதந்து போனது. நடப்பவர்களின் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடப்பதைப் பார்த்து அக்கா சிரித்தாள். அதை மறந்தே போயிருந்தாளாம்.

ஏரிக்கரையில் எஞ்சினை அணைத்தாள். குளிர்ச்சி மட்டும் வந்துகொண்டே இருந்தது. தண்ணீரில் வெயில் நடுங்கியது. அந்த வெளிச்சம் கார் கூரையில் நீந்தியது. நாங்கள் ஏரிக்கு அடியில் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது. மாமா பின்சீட்டில் குறட்டை விட்டார். அக்கா ஸ்டீரிங்கில் முகவாயை ஊன்றி, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியவில்லை.

புழுக்கம்தான் எழுப்பியது. ஏசி நின்றிருந்தது. அக்கா சாவியைத் திருகினாள். டிக். மறுபடியும் டிக். பேட்டரியை நான் கடைசிவரை உறிஞ்ச விட்டிருந்தேன். அவள் முகம் சிவந்துகொண்டே வந்தது. அக்கம்பக்கத்தில் ஒரு நிழல் இல்லை. என் அதிமேதாவித்தனம் அவளைக் கொன்றுவிடும் என்று பயந்துபோனேன்.

மாமாவை உலுக்கி எழுப்பி இறங்கினேன்.

"செகண்ட் கியரைப் போட்டு கிளட்ச்சை மிதிச்சுக்கோக்கா. நான் சொல்றப்ப..."

"எனக்குத் தெரியும்டா. நீ தள்ளு."

தள்ளினோம். மாமாவின் தொப்பை ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம். முதல் தடவை கார் குலுங்கி நின்றது. இரண்டாம் தடவை இருமியது, உறுமியது, ஓடியது. கொஞ்ச தூரம் போய், எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தாள்.

சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே விழுந்தோம். குளிர்ந்த காற்று மெல்லத் திரும்பியது. அக்கா கை நீட்டி என் நெற்றி வியர்வையை வழித்தாள். தன் கன்னத்தில் பூசிக்கொண்டு, அந்தக் காற்றில் முகத்தைக் காட்டிக் கண்ணை மூடினாள்.

"குடுத்து வச்சவன்டா நீ," என்றாள்.