வட்டத்துக்கு மூலை கிடையாது

...திரையில் அந்தப் பரப்பு மறுபடியும் முறுக்கிக்கொண்டது, பிழிந்த ஈரத்துணி மாதிரி, கீழே சதுரத் தூண், மேலே கூரையின் வட்டத் திறப்பு, இரண்டையும் வழவழவென்று ஒரே பரப்பாக இணைக்கச் சொன்னால் இந்த சாஃப்ட்வேருக்கு என்ன கொழுப்பு, "சும்மா ஒரு பிளெண்ட்தானேம்மா, ரெண்டையும் இழைச்சு விடறதுதானே, பத்து நிமிஷ வேலை" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டுப் போன முதலாளி வந்து உட்கார்ந்து பார்க்கட்டுமே... சதுரத்துக்கு நாலு மூலை, வட்டத்துக்கு ஒன்றுகூடக் கிடையாது, எதை எங்கே சேர்ப்பதென்று தெரியாமல் அது தன் இஷ்டத்துக்கு இழுக்கிறது, இழுத்தால் கோணாமல் என்ன செய்யும்? போன் அதிர்ந்தது. அப்பாவாக இருக்கும், இல்லையென்றால் அண்ணன், வேறு யார் அவளைக் கூப்பிடப்போகிறார்கள். வீட்டை விற்கிற பேச்சில் முறைத்துக்கொண்டதிலிருந்து அவர் ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம், "அவன்கிட்ட சொல்லிடு", "அவர்கிட்ட சொல்லிடு", நடுவில் இவள். என் மூஞ்சில முழிக்க வேணாம்னு சொல்லு என்று அப்பா கத்தினால் 'அப்பா உன் உடம்பை விசாரிச்சார்' என்று மாற்றி, அண்ணன் எரிந்து விழுந்தால் 'அவனுக்கு வேலை அதிகமாம்பா' என்று மழுப்பி... இவள் உடம்பை ஒருத்தராவது விசாரித்தார்களா? போன வாரம் காய்ச்சலில் கிடந்தபோதுகூட இரண்டு பேருக்கும் அவரவர் புலம்பல்தான். எக்கேடோ கெட்டுப் போங்கள். அவள் எடுக்கவில்லை.

வட்டத்தை நாலாக வெட்டினாள், வேறு வழியில்லை, வெட்டிய இடம் ஒவ்வொன்றையும் ஒரு மூலையோடு சேர்த்தாள், முறுக்கு அவிழ்ந்து பரப்பு அலுங்காமல் மேலேறியது, அந்தக் கோபத்திலும் அழகாகத்தான் இருந்தது. அப்புறம்தான் போனைப் பார்த்தாள். கூப்பிட்டது அண்ணன், பின்னாலேயே ஒரு செய்தி: "அப்பாவ நேர்லயே வந்து பாத்துட்டேன். எல்லாம் பேசியாச்சு. ஒண்ணா சாப்பிட்டுட்டு இருக்கோம். இனிமே உனக்குத் தொல்லை இல்ல."

தொல்லை இல்லையாம்! சந்தோஷப்பட வேண்டியதுதானே, இதற்குத்தானே இவ்வளவு நாளும் நாய் படாத பாடு பட்டாள், பின் ஏன் இந்தக் கோபம், நீயும் வாயேன் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை... ஆத்திரத்தில் திரையில் மேலே இருந்த வட்டத்தைக் கை அழித்துவிட்டது, அதோடு பரப்பும் சுவடில்லாமல் போனது, பதறிப்போய்த் திரும்பக் கொண்டுவந்தாள். இருக்கட்டும், அப்பாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம். கூப்பிட்டாள். "சொல்லும்மா, என்ன விஷயம்?" என்றார் அப்பா, பின்னால் அண்ணன் சிரிக்கிற சத்தம். என்ன விஷயம்? யாருடைய சேதியையும் சுமக்காமல் அவரிடம் கடைசியாக எப்போது பேசினாள்... யோசித்தாள், பிடிபடவில்லை.

"ஒண்ணுமில்லப்பா" என்றாள். "நான்தான்."