கழுத்துப் பட்டை

சேவலைக் குளியலறையில் அடைத்துவைத்ததுதான் இதுவரை செய்த முட்டாள்தனங்களிலேயே பெரியது என்று தையல்காரி அன்று காலையில் ஒப்புக்கொண்டாள். கூண்டின் மேல் சாக்கைப் போர்த்தி இருட்டாக்கிப் பார்த்தாயிற்று. தாழ்வான பெட்டியில் படுக்கவைத்தும் பார்த்தாயிற்று. கழுத்தை நிமிர்த்தாமல் சேவலால் கூவ முடியாது என்று தீவனக் கடைக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார். அது குனிந்தபடியே கூவியது. கடைசியில்தான் குளியலறை. ஓடு பதித்த சுவர்களுக்குள் ஒரு சேவல் நாலு சேவலாகித் தெருவையே எழுப்பிவிட்டது.

அதற்கு அவள் மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள். எல்லாம் பெட்டைதான் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்த குஞ்சுகளில் ஒன்று, வளர வளரக் கொண்டையும் வாலுமாகச் சாயம் வெளுத்துச் சேவலாகி நின்றது. அன்றிலிருந்து ஒரு வேலையும் செய்யாமல், மற்ற கோழிகளை மேற்பார்வை பார்த்துக் கத்திக்கொண்டே திரிகிறது. அவளுக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. உள்ளதைச் சொன்னால், அந்த வீட்டில் அவளைத் தவிர வாய் திறப்பது அது ஒன்றுதான்.

அவள் கணவர் காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டவர். மைக் இல்லாமலே சந்தையின் கடைசிவரை கேட்கிற தொண்டை. அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டு, மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை வைத்து, உள்ளே சின்ன வால்வு ஒன்றையும் பொருத்தி அனுப்பினார்கள். துளையை விரலால் அடைத்துக்கொண்டு காற்றைத் தள்ளினால் பேச்சு வரும், பழகப் பழகத் தெளியும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை முயன்றார். வந்த சத்தத்தைக் கேட்டுத் தானே திடுக்கிட்டவர், அதன்பிறகு விரலைக் கழுத்துப் பக்கம் கொண்டுபோகவே இல்லை. தலையாட்டுவார். அதுவும் பிடிக்காவிட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். டீ வேண்டுமா என்று அவளே கேட்டு, வேண்டும் என்று அவளே சொல்லி, அவளே போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அவருக்கும் சேர்த்து அவளே பதில் சொன்னாள். ஒரு காலத்தில் இந்த மனுஷன் கொஞ்சம் வாயை மூடமாட்டாரா என்று அலுத்துக்கொண்டவள்தான். இப்போது தகரத்தைச் சுரண்டுகிற சத்தமாக இருந்தாலும் பரவாயில்லை, தன்னை ஒரு வார்த்தை திட்டினால் போதும் என்று ஏங்கினாள்.

பக்கத்து வீட்டு நர்ஸ் சண்டைக்காரி இல்லை. இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டுக் காலையில் வந்து படுப்பவள். குளியலறைக் கூத்து நடந்த அன்று, மதில் ஓரம் வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நேத்து ஒரு நோயாளிக்கு மருந்தை அளவு மாத்தி எடுத்துட்டேன். கூட இருந்தவ பாத்ததால தப்பிச்சேன். தூக்கம் இல்லாம என்னால முடியலக்கா."

தையல்காரிக்கு முகத்தில் ஈயாடவில்லை. நேரே தீவனக் கடைக்குப் போனாள். பேசாமல் குழம்பு வைத்துவிடுங்கள் என்றார் கடைக்காரர். அவள் நகராமல் நிற்பதைப் பார்த்து, இன்னொரு வழியும் சொன்னார். கழுத்தைச் சுற்றி அகலமாக ஒரு பட்டை கட்ட வேண்டும். சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குத் தளர்வு இருக்க வேண்டும். மூச்சுக்குத் தொந்தரவு இருக்காது, ஆனால் காற்றை மொத்தமாகத் தள்ள முடியாமல் சத்தம் அடங்கிப்போகும்.

வந்த கையோடு மிஷினில் உட்கார்ந்தாள். கணவரின் கழுத்துத் துளைக்குள் தூசி போகாமலிருக்க அவளே துணி தைத்துக் கட்டிவிடுவது வழக்கம். மெத்தென்ற நீலக்கட்டம் போட்ட பருத்தித் துணி, பின்பக்கம் ஒட்டிக்கொள்ள வெல்க்ரோ. அதில் மிச்சம் கிடந்தது. அளவைக் குறைத்து வெட்டி, ஓரம் அடித்து, மேனேஜர் கழுத்தில் சுற்றி ஒட்டினாள். அது தலையை உதறிப் பார்த்தது, பின்னோக்கி நடந்து பார்த்தது, கடைசியில் கழுத்தை நீட்டிக் கூவியது. துருப்பிடித்த கதவு திறந்தது மாதிரி ஒரு கரகரப்பு, அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுநாள் நர்ஸ் வீட்டு ஜன்னல் மத்தியானம் வரை மூடியே கிடந்தது. தையல்காரிக்கு உச்சி குளிர்ந்துபோனது.

சாயங்காலம் துண்டை எடுக்கக் கொல்லைக்கு வந்தார் கணவர். மேனேஜர் அவர் காலடிக்கு வந்து நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை மெல்லத் தன் கழுத்துத் துணிக்குப் போனது. அதே நீலம், அதே கட்டம், அதே தையல். சேவல் கழுத்தை நீட்டி அந்தக் கரகரப்பை ஒரு தடவை வெளியே விட்டது. அப்போதுதான் தையல்காரிக்கு உறைத்தது.

"என்னங்க, துணி மிச்சம் இருந்துச்சு, அவ்வளவுதான். சத்தியமா வேற எதையும் நினைச்சு செய்யல. ஏதாவது திட்டுங்களேன்."

அவர் உள்ளே போய்விட்டார். வைத்த சாப்பாடு வைத்தபடியே இருந்தது. தன் கழுத்துத் துணியைக் கழற்றி, நாலாக மடித்து, அவள் மிஷின் மேல் வைத்திருந்தார். படுக்கையில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தாள். கையெட்டும் தூரம்தான், தொடப் பயமாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவ்வளவு தனியாக அவள் படுத்ததில்லை.

காலையில் அவளை எழுப்பியது முழுக் கூவல். அரக்கப் பரக்கக் கொல்லைக்கு ஓடினாள். கணவர் மதிலோரம், அவளுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். மேனேஜர் அவர் அக்குளில் இருந்தது, கழுத்தில் ஒன்றும் இல்லை. கீழே கிடந்த பட்டையைக் கோழிகள் கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தன. மதிலுக்கு அந்தப் பக்கம் நர்ஸ், வேலை முடிந்து அப்போதுதான் வந்தவள், உடை மாற்றாமல், கைப்பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"அண்ணா, நான் தூங்கணும். வேற ஒண்ணும் கேக்கல."

வழக்கம்போலப் பதில் சொல்லத் தையல்காரி வாயெடுத்தாள். அதற்குள் அவர் கை கழுத்துக்குப் போனது. ஈரமாக, கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. அது வார்த்தைதான். என்ன வார்த்தை என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கண்ணில் நீர் முட்டியது. முட்டும்போதே நெஞ்சில் ஒரு முள்ளும் குத்தியது. இத்தனை மாதம் கழித்து வந்த முதல் பேச்சு தனக்கில்லை, பக்கத்து வீட்டுக்காரிக்கு. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நர்ஸ் பையைத் தரையில் வைத்தாள். மதில்மேல் இரண்டு கையையும் ஊன்றிக் காதை முன்னால் கொடுத்தாள்.

"கேக்கலண்ணா. அவசரமில்ல. இன்னொரு தடவை சொல்லுங்க."

சேவலைச் சரியாக இடுக்கிக்கொண்டு, அவர் மறுபடி கையை உயர்த்தினார். தையல்காரி நின்ற இடத்திலிருந்து அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. அது மூச்சை இழுத்துக்கொண்டு மெல்ல உயர்ந்தது.