ஊற்றிக் கொடுப்பவன்

எனக்கு மறதி கிடையாது. அது அம்மா கொடுத்த சொத்து. என் அம்மா காந்தா தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றவள். யார் எந்த வருஷம் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிவிட்டு வாங்காமல் போனார்கள் என்பதுகூட அவளுக்கு ஞாபகமிருக்கும். அந்த வயிற்றில் பிறந்தவன், ஹரிபிரசாத் செய்ததை மறந்துவிடுவேனா? அவன் அப்படித்தான் நினைத்திருந்தான்.

நாங்கள் எம்.காம். சேர்ந்த புதிதில் நடந்தது அது. ஹரியின் அப்பா தினகரன் மாடம்பாக்கத்துப் பழைய நிலக்காரர். வயலெல்லாம் மனையாகி, மனையெல்லாம் பணமாகிவிட்ட குடும்பம். அவர்கள் பாதியில் கட்டி நிறுத்திய ஒரு வீட்டின் மொட்டை மாடிதான் எங்கள் வகுப்புப் பையன்கள் குடிக்கிற இடம். நான் அதுவரை தொட்டதில்லை என்று சொன்னேன். "சரி மச்சான், உனக்கு வெறும் கூல்டிரிங்க்ஸ்" என்று ஹரி கிளாஸை நீட்டினான். அதில் வோட்கா கலந்திருந்தது. அடுத்ததிலும் கலந்திருந்தது. நான் பேன்ட்டோடு மூத்திரம் போய், அம்மா அம்மா என்று அழுததை வீடியோ எடுத்து வகுப்பு வாட்ஸ்அப்பில் போட்டான். அது ஊர் சுற்றி, மீன் வாங்க வந்த ஒருத்தி அம்மாவிடம் போனை நீட்டி, "இது உன் புள்ளதானம்மா?" என்று கேட்கிற வரைக்கும் போனது.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. மறுநாளே கூடையைத் தூக்கிக்கொண்டு பம்மலில் போய் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷ வாடிக்கையை விட்டுவிட்டு, பெயர் தெரியாத ஒரு தெருமுனையில். ஏன் என்று கேட்டேன்.

"அங்க இன்னா மூஞ்சிய வச்சிக்கினு குந்தறது?" என்றாள்.

ஹரியை அதே மாதிரி, அவன் வீட்டு ஜனமே பார்க்க விழ வைக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டேன்.

அதற்காகக் குடிக்கக் கற்றுக்கொண்டேன். சிரிக்காதீர்கள், ஒழுங்காகக் குடிக்கக் கற்றுக்கொண்டேன். வயிறு நிறையச் சோறு தின்றுவிட்டுத்தான் உட்காருவேன். ஒரு கிளாஸ் குடித்தால் ஒரு கிளாஸ் தண்ணீர். இரண்டோடு சரி. அன்றைக்கு வண்டியைத் தொடமாட்டேன், அடுத்தவன் கலந்து தருவதை வாங்கமாட்டேன். எங்களோடு குடிக்க உட்காரும் வகுப்புத் தோழன் ஆரோன் எனக்கு 'வாத்தியார்' என்று பெயர் வைத்தான். நிதானத்தில் இருப்பவன்தான் ஊற்ற வேண்டும் என்பது எங்கள் கூட்டத்தில் சட்டம். பாட்டில் தானாக என் கைக்கு வந்து சேர்ந்தது. நான் காத்திருந்தேன்.

இந்தத் தை மாதம் வாய்த்தது. ஹரி ஐயப்பனுக்கு மாலை போட்டு, ஒரு மண்டலம் சுத்தமாக இருந்தான். நம் ஊர்ச் சாமிகளைத்தான் தெரியுமே. மாலையைக் கழற்றிய கையோடு, விட்டதையெல்லாம் ஒரே நாளில் பிடிக்கப் பாய்வார்கள். இத்தனை நாள் தொடாத உடம்பு பழைய அளவைத் தாங்காதே என்று ஒருத்தனும் யோசிப்பதில்லை. நான் யோசித்தேன்.

அவன் மலையிலிருந்து வந்திறங்கி மாலையைக் கழற்றிய அன்றைக்கே சாயங்காலம் அவன் தங்கை தேவதர்ஷினிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைத்துவர வேண்டியவன் அண்ணன்காரன். காலையில் போன் செய்தேன்.

"சாமி, கழட்டியாச்சா? மாடில வெயிட் பண்ணிக்கினு கீறோம்."

"சாயங்காலம் ஃபங்ஷன் இருக்குடா குணா."

"ரெண்டே ரெண்டு. நான்தான ஊத்தறேன், இன்னா பயம்?"

வந்தான். ராத்திரி முழுக்க வேனில் தூங்கவில்லை, ஒன்றும் சாப்பிடவில்லை என்றான். நல்லது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அடியில் கொஞ்சம், ஆரோனுக்கு வழக்கம்போல, ஹரிக்குப் பாதி கிளாஸ் பிராந்தி. என் கையை யாரும் சந்தேகப்படுவதில்லை. மூன்றாவதோடு நிறுத்துவதாகத்தான் திட்டம். தள்ளாடிக்கொண்டு சம்பந்திகள் முன்னால் போய் நின்றால் போதும்.

மூன்றாவதைக் குடித்துவிட்டு அவன் சிரித்தான். "அந்த வீடியோ இருக்குல்ல மச்சான், இப்பக்கூட பார்த்தா சிரிப்பு வருது. அம்மா, அம்மான்னு..."

நான்காவதை ஊற்றினேன். அது என் திட்டத்தில் இல்லாதது.

குடித்தவன் அப்படியே மல்லாந்தான். "மட்டையாயிட்டான், நான் போய் எலுமிச்சம்பழம் வாங்கினு வரேன்" என்று ஆரோன் கீழே இறங்கினான். நான் போனை எடுத்து வீடியோவைப் போட்டேன். அவன் பேன்ட் நனைந்தது. மனசு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு படுத்தபடியே வாந்தியெடுத்தான். அது வெளியே வராமல் தொண்டையில் களகளவென்றது. கன்னத்தில் அறைந்தேன், கண் திறக்கவில்லை. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

விட்டுவிடு என்றுதான் முதலில் தோன்றியது. அன்றைக்கு விழுந்து கிடந்த உன்னை அவன் அப்படியே விட்டானே, நீயும் விடு. ஆனால் செத்தவன் எங்கேயாவது வெட்கப்படுவானா? இவன் வெட்கப்பட வேண்டும். அதற்கு இவன் உயிரோடு இருக்க வேண்டும்.

வீடியோ ஓடிக்கொண்டிருந்த போனை அப்படியே கீழே வைத்துவிட்டு அவனைப் பக்கவாட்டில் புரட்டினேன். வாயில் விரலை விட்டு வழித்துப் போட்டேன். முதுகில் ஓங்கிக் குத்தினேன். ஒரு இருமல், அப்புறம் மூச்சு. நூற்றெட்டுக்குச் சொல்லிவிட்டு அவன் அப்பாவுக்கும் சொன்னேன். தினகரன் சார் பட்டு வேட்டியோடு ஓடிவந்தார். நேரத்தோடேயே வந்திறங்கிவிட்ட மாப்பிள்ளையின் அப்பாவும் கூடவே ஏறி வந்து, கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளைக்கு மாலை போட்டது பெரியப்பா மகன்.

ஆஸ்பத்திரியில் ஹரி கண் விழித்ததும் போய்ப் பார்த்தேன். கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"நீ வேணும்னேதான் ஊத்தினியா?"

"வேணும்னேதான்."

வீடியோவைக் காட்டினேன். அதில் என் குரலும் இருந்தது: "சாவாதடா நாயே, மூச்சு வுடு." முழுவதும் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்பாகிட்ட சொல்லிடுவேன்டா."

"சொல்லேன். எனக்கு நீ குடுத்த கூல்டிரிங்க்ஸ்லேர்ந்து ஆரம்பி."

போனை என் பக்கம் தள்ளிவிட்டான். பிறகு, "எப்ப டெலிட் பண்ணுவ?" என்று கேட்டான்.

"எங்கம்மா திரும்பவும் தாம்பரம் மார்க்கெட்டுல கூடைய எறக்குற அன்னிக்கி. அதுவரிக்கும் நீ எங்க குடிச்சாலும் நான்தான் ஊத்துவேன். நான் சொல்ற அளவுதான். மீறின, உன் தங்கச்சி மாமியார் வூட்டு ஜனம் அத்தினி பேருக்கும் போவும்."

"உங்கம்மா வர்றதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"அது உன் பேஜாரு."

போன வாரம் ஆரோனுக்குப் பிறந்தநாள். அதே மொட்டை மாடி. ஹரியை முதலில் பிரியாணி தின்ன வைத்தேன். ஒன்று ஊற்றினேன், தண்ணீர் கொடுத்தேன். இன்னொன்று ஊற்றினேன், தண்ணீர் கொடுத்தேன். மற்றவர்கள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் காலி கிளாஸை மெதுவாக என் பக்கம் நகர்த்தினான்.

அம்மா அன்றைக்குக் காலையிலும் கூடையோடு பம்மலுக்குத்தான் போயிருந்தாள்.

போனை எடுத்து அவன் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கிளாஸ் நிறைய ஊற்றினேன்.

"குடி" என்றேன்.

குடித்தான்.