வித்தியாசம் வெளங்குதா?

இத்தா முடிந்து ஸும்றா வீட்டுக்கு வெளியே கால் வைத்த முதல் நாள், நேரே போனது கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒரு கராஜுக்கு. மாமியார் வீட்டுக்குப் போவாள், அதுவும் இல்லையென்றால் பல் டாக்டரிடமாவது போவாள் என்று உம்மா நினைத்திருந்தார். புருஷன் ஜவாத் மவுத்தாகி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா விதிப்படி வெள்ளவத்தை வீட்டுக்குள்ளேயே இருந்தவள் கையில் ஒரு அட்டைப்பெட்டியோடு கிளம்பினால் எந்தத் தாய் தனியே விடுவாள்? தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டு உம்மாவும் த்ரீவீலரில் ஏறிக்கொண்டார்.

பெட்டிக்குள் இருந்தவை ரொக்கர் ஆம்கள். எஞ்சினின் வால்வுகளை அமுக்கித் திறக்கிற சின்னச் சின்னக் கைகள். ஜவாத் தன் பழைய மினி காருக்காக இங்கிலாந்திலிருந்து வரவழைத்தவை. பெட்டி வந்து சேர்ந்தபோது அவனுடைய நாற்பதாம் நாள் கத்தமே முடிந்திருந்தது. டெங்கு ஆறே நாளில் ஆளைக் கொண்டுபோய்விட்டது.

அந்தக் காரில் எதை மாற்றினாலும் ஜவாத் அவளைப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு மரைன் டிரைவில் ஒரு ஓட்டம் ஓடுவான். பம்பலப்பிட்டி ஸ்டேஷன் தாண்டியதும் கேட்பான்: "வித்தியாசம் வெளங்குதா?"

"இல்ல."

பதினொரு வருஷமாக அதே கேள்வி, அதே பதில். உண்மையைச் சொன்னால், கார்புரேட்டர் மாற்றிய அன்று அவளுடைய முதுகு சீட்டோடு போய் ஒட்டியது. கேம் ஷாஃப்ட் மாற்றிய அன்று வயிற்றுக்குள் ஒரு கூச்சம் ஓடியது. அப்போதும் இல்லை என்றுதான் சொன்னாள். அந்த ஒரு சொல்லில் அவன் முகம் தொங்கிப்போவதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசை. பொல்லாத பெண்தான்.

ரொக்கர் ஆமுக்கு ஓடர் கொடுத்த இரவும் அதே கதைதான். "இதுவும் ஒண்டும் செய்யாது. பஸ்ஸுக்குப் பின்னால நிக்கிறதுக்கு இதெல்லாம் என்னத்துக்கு?" என்றாள். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "வரட்டும். எஞ்சின்ல பூட்டிட்டு ஒன்னத்தான் ஏத்திட்டுப் போவேன். நீ சொல்றதுதான் தீர்ப்பு. இல்லன்னு சொன்னா இனி இந்தக் காருக்கு ஒரு ஆணிகூட வாங்க மாட்டேன்."

விடிந்தபோது காய்ச்சல். அதற்குப் பிறகு அவர்கள் பேசியதெல்லாம் தண்ணீர், மருந்து, ஆஸ்பத்திரி என்பவை மட்டும்தான். தீர்ப்பு அவளிடமே தங்கிவிட்டது.

மையித்தைத் தூக்கியபோதும் அவள் அழவில்லை. வந்தவர்கள் எல்லாரும் நல்ல சபூர் உள்ள பிள்ளை, பொறுமைசாலி என்று மெச்சினார்கள். சபூரும் இல்லை, ஒன்றும் இல்லை. நெடுநேரம் மடக்கி வைத்த கால் மரத்துப்போகுமே, அதுபோல முழு உடம்பும் மரத்துக் கிடந்தது. அந்தப் பெட்டியைப் பார்த்தால் மட்டும், செய்யவேண்டிய வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது என்று தோன்றும்.

கராஜ்காரர் சுந்தரலிங்கம் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். மினி அவரிடம்தான் நின்றது. காய்ச்சலுக்கு முந்தின கிழமை ஜவாத் பிரேக் பார்க்க விட்டுப்போனது.

"சாமான் நல்ல சாமான்தான் தங்கச்சி. ஆனா கேம் ஏற்கனவே மாத்தின எஞ்சின் இது. வால்வு இப்பவே காணுமான அளவு திறக்குது. இதைப் பூட்டினா இன்னும் கொஞ்சம் கூடத் திறக்கும். ஐயாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல போனாத்தான் அது தெரியும். கொழும்பு ரோட்டில ஆர் அப்பிடி ஓடுறது? ஜவாத்திட்டயும் இதைத்தான் சொன்னனான். கேக்கேல்ல."

"பூட்டுங்க அண்ணன்."

"பிரயோசனம் இல்லாத வேலை."

"பரவாயில்ல. நான் அவருக்கு ஒரு தீர்ப்புச் சொல்லணும்."

சுந்தரலிங்கம் போய் பொனெட்டைத் திறந்தார். பூட்டி, இடைவெளி பார்த்து, ஸ்பிரிங் முட்டுகிறதா என்று பார்த்து முடிக்க மூன்று மணித்தியாலம் ஆனது. உம்மா தஸ்பீஹை எத்தனையோ சுற்று ஓதி, ஒரு மாலு பணிஸும் சாப்பிட்டு முடித்தார். பிறகு சுந்தரலிங்கமே இருவரையும் மினியில் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தைக்குக் கிளம்பினார். மினியின் பின் சீட்டில் உம்மாவின் முழங்கால் நாடியைத் தொட்டது.

கொள்ளுப்பிட்டிவரை ஊர்ந்துதான் வந்தார்கள். மரைன் டிரைவில் கொஞ்சம் வழி கிடைத்ததும் சுந்தரலிங்கம் ஒரு மிதி மிதித்தார். எஞ்சின் உறுமியது. "யா அல்லாஹ், மெதுவா!" என்றார் உம்மா. அதற்குள் ஒரு த்ரீவீலர் குறுக்கே வர, வேகம் நாற்பதுக்கு இறங்கிவிட்டது.

ஸும்றா கண்ணை மூடி முதுகால் கேட்டாள். ஒன்றும் இல்லை. ரொக்கர் ஆம்தான் ஒன்றும் செய்யவில்லையா, அல்லது கிள்ளினாலும் தெரியாத இந்த உடம்புக்குத்தான் தெரியவில்லையா? யாரிடம் கேட்பது? பதினொரு வருஷம் விளங்கியதை இல்லை என்று மறைத்தவளுக்கு, இன்றைக்குத்தான் உண்மையாகவே ஒன்றும் விளங்கவில்லை.

பம்பலப்பிட்டி ஸ்டேஷன் தாண்டியது. சுந்தரலிங்கத்துக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. சும்மாதான் கேட்டார்.

"எப்பிடித் தங்கச்சி? வித்தியாசம் விளங்குதோ?"

"எனக்கெண்டா ஒண்டும் வெளங்கல்ல," என்றார் உம்மா பின்னாலிருந்து.

"வெளங்குது," என்றாள் ஸும்றா. "நல்லா வெளங்குது."

இந்த வேகத்தில் அதைச் செய்தவனுக்கே விளங்காது என்று சொல்லத்தான் அவர் வாயெடுத்தார். அவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "ஓம். நல்லாத்தான் இழுக்குது."

அவள் சட்டென்று டிரைவர் சீட்டின் பக்கம் திரும்பினாள். இந்தப் பதிலைக் கேட்டால் ஜவாத்தின் முகம் எப்படி மாறும் என்று பார்க்கத்தான் திரும்பினாள். அங்கே சுந்தரலிங்கம் சிக்னல் போட்டுக்கொண்டிருந்தார். சரி, மனதிலாவது அந்த முகத்தைக் கொண்டுவருவோம் என்று பார்த்தாள். தொங்கிப்போன முகம்தான் வந்தது. ஜெயித்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. பதினொரு வருஷத்தில் ஒரு தரம்கூட அவனை வெல்ல விட்டதில்லை.

அப்போதுதான் வலித்தது.