சுவரைப் பார்த்த அந்தோணியார்

அம்மாச்சிக்கான முப்பதாம் நாள் நினைவுப் பூசை முடிந்த மறுநாள் காலை பேத்தி கடையைத் திறந்தபோது, அந்தோணியார் இன்னும் சுவரைப் பார்த்தபடிதான் நின்றிருந்தார். பூட்டுகள் அடுக்கிய மேல்தட்டில் முழ உயரச் சுரூபம், முதுகு தெருவுக்கு. கழுத்தில் நூல் கட்டித் தொங்கிய விலைச்சீட்டில் ஐந்நூறை அடித்து நானூறு, நானூறை அடித்து முந்நூறு. எல்லாம் அம்மாச்சியின் கையெழுத்து.

ஊருக்கே பூட்டம்மாவான அம்மாச்சி நாற்பத்தாறு வருஷம் பூட்டும் கீலும் தாழ்ப்பாளும் விற்றவள். மனிதர்களிடம் பேரம் பேசிய வாய் மோட்சத்துக்கு மட்டும் அடங்கிவிடுமா? கேட்டது கிடைக்காவிட்டால் முதல் வாரம் புனிதரைச் சுவர்ப்பக்கம் திருப்புவாள். அடுத்த வாரம் விலைச்சீட்டு. அதற்கும் அவர் அசையவில்லையென்றால் வாராவாரம் விலை குறையும். குறைத்ததை அவர் காதில் விழும்படி சத்தமாக வாசித்தும் காட்டுவாள். வழியில் காணாமல் போன கீல் மூட்டைகள் இரண்டே நாளில் வாசலில் வந்து இறங்கியது அப்படித்தான். ஒருமுறை பங்குச் சாமியார் கடைக்கே வந்து, "புனிதரை மிரட்டலாமாம்மா?" என்று கேட்டார். "மிரட்டல சாமி, கெடு குடுத்திருக்கேன்" என்றாள். பாவசங்கீர்த்தனத்தில் அவர் பத்து முறை சொல்லச் சொன்ன ஜெபத்தை ஏழில் முடித்துக்கொண்டு வந்ததாக வீட்டில் பெருமையடித்தவளிடம் அவர் அதற்கு மேல் என்ன பேசுவார்?

கடைசியாக என்ன கேட்டாள் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. "என் முழங்கால் வலிக்காகத்தான் வேண்டியிருப்பாங்க" என்று பூசை முடிந்து வெளியே வந்ததும் பெரிய மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க முழங்காலுக்கு முந்நூறு அதிகம்" என்றாள் அத்தை.

அந்த முழங்காலோடுதான் மாமா நாளை பத்து மணிக்கு வரப்போகிறார். கடையைக் கைப்பேசிக் கம்பெனிக்கு வாடகைக்கு விடப் பத்திரம் தயார்; பேத்தியும் கையெழுத்துப் போட்டால் போதும். பேத்திக்குக் கடையை விட மனமில்லை. எட்டு வருஷமாக அம்மாச்சியின் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தவள். எந்தப் பூட்டு மழைக்குத் தாங்கும், எது தாங்காது என்று தூக்கிப் பார்த்தே சொல்லுவாள். ஆனால் மாமா சொன்னதிலும் பொய்யில்லை. "உனக்கு வாயே கிடையாதும்மா. கேட்ட விலைக்குத் தூக்கிக் குடுத்துடுவே. நீ எப்படி வியாபாரம் பண்ணுவே?"

அவள் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசல் மறைந்தது. எதிர்க்கடைக்காரர் நின்றிருந்தார். அவரும் பூட்டுதான் விற்கிறார். இத்தனை வருஷத்தில் அவர் இந்தப் படி ஏறியதில்லை. தேவையும் இருக்கவில்லை, பேச்செல்லாம் தெருவுக்குக் குறுக்கேயே நடந்தது. "அவரு பூட்டைத் திறக்கச் சாவி வேணாம், முறைச்சாலே போதும்!" என்று இங்கிருந்து போகும். "அந்தம்மா பூட்டு அவங்க வாய் மாதிரி, பூட்டவே பூட்டாது!" என்று அங்கிருந்து வரும்.

அவர் முந்நூறை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அந்தோணியாரை எடு பாப்பா."

"நீங்க கோயில் பக்கமே வரமாட்டீங்களே தாத்தா?"

"சீட்டு கட்டின சாமானை இல்லேன்னு சொல்லக்கூடாது. உங்க அம்மாச்சி சட்டம்." முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அவரு சுவத்தப் பாத்து நிக்கிறதே என்னாலதான். ரெண்டு மாசம் முன்னாடி, கடையை மூடிட்டு மகன்கூடப் போகப்போறேன்னு சொன்னேன். மிட்டாய் வாங்கிக் குடுப்பாங்கன்னு நினைச்சேன். நடுத்தெருவுல நிக்க வச்சுத் திட்டினாங்க."

"என்னன்னு?"

"'ஏங்க பெரிய மனுஷரே, நீங்க மூடிட்டா ஜனங்க எங்க போயி விலை கேட்டுட்டு எங்கிட்டத் திரும்பி வரும்?'ன்னு." அவர் முந்நூறை மேஜைமேல் இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளினார். "என்னைப் போகவிடாம பண்ணணும்னு அன்னிக்கே இவரைத் திருப்பிட்டாங்க. நானும் விடல. பாவம், என் பிடிவாதத்துக்கு அவரு ஏன் தண்டனை அனுபவிக்கணும்? போறப்போ கூடவே கூட்டிட்டுப் போயிடறேன்."

பேத்தி அந்தோணியாரின் முதுகைப் பார்த்தாள். எதிர்க்கடையும் மூடிவிட்டால் பூட்டுக்கென்று இந்தத் தெருவுக்கு யார் வருவார்கள்? மாமா பத்திரத்தை நீட்டவே வேண்டியதில்லை, தானே பறந்து வந்து மேஜையில் உட்காரும்.

"முந்நூறுக்கு வராது தாத்தா."

"சீட்டுல போட்டிருக்கே!"

"அது முதுகோட விலை. முகத்தோட வேணும்னா வேற விலை."

எதிர்க்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். "எவ்வளவு?"

"ரெண்டு வருஷம். கடையைத் திறந்து வைக்கணும்."

"வயசானவன்கிட்ட வருஷத்தைக் கேக்கறியே, மனசாட்சி இருக்கா? ஆறு மாசம்."

"ஒன்றரை வருஷம்."

"எட்டு மாசம். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது." பணத்தைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தார்.

அவள் கூப்பிடவில்லை. ஒரு பித்தளைப் பூட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். வாடிக்கைக்காரன் மூணாவது படியில திரும்புவான், அதுவரைக்கும் மூச்சை வெளிய விடாதே என்பது அம்மாச்சி கணக்கு. முதல் படி. இரண்டாம் படி. பூட்டு பளபளத்தது. மூன்றாம் படியையும் தாண்டி அவர் தெருவிலேயே இறங்கிவிட்டார். அம்மாச்சியே, கணக்குத் தப்பிப்போச்சே!

"பத்து மாசம்!" என்றது தெருவிலிருந்து குரல்.

"ஒரு வருஷம்! அவரை உங்க கடை முன்கண்ணாடிக்குள்ள வைக்கணும்!"

அவர் திரும்பி ஏறி வந்தார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "வாயில்லாப் பொண்ணுன்னு எவன் சொன்னது?" என்று முணுமுணுத்தபடி பணத்தை வைத்துவிட்டு, சுரூபத்தைக் குழந்தையைப்போலத் தோளில் சாய்த்துக்கொண்டு போனார்.

மறுநாள் பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே மாமா வந்து உட்கார்ந்து, முழங்காலை நீவிவிட்டு, பேனா மூடியைக் கழற்றினார். அதே நேரத்தில் எதிர்க்கடைக் கதவு கரகரவென்று மேலேறியது. முன்கண்ணாடிக்குள் அந்தோணியார் நின்றிருந்தார். முதுகு தெருவுக்கு. கழுத்தில் புதுச் சீட்டு. அதில் ஏதோ எழுதி, அதற்குள் ஒருமுறை அடித்தும் இருந்தது. என்னவென்று இங்கிருந்து தெரியவில்லை.

பேத்தி முக்காலியைவிட்டு எழுந்து படியிறங்கினாள்.

"கையெழுத்துப் போடாம எங்கம்மா போறே?" என்று மாமா பேனாவோடு கத்தினார்.

"இருங்க மாமா," என்றாள் தெருவின் பாதியிலிருந்து, "விலை கேட்டுட்டு வந்துடறேன்."