காலி ஆப்ஷனல்

மச்சானின் முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. "ஸ்கிரீன்ல ஒவ்வாமை 'இல்லை'ன்னு பாத்துட்டுத்தான் சார் ஊசி போட்டேன்" என்று நர்ஸ் கண்ணைக் கசக்கினாள்.

அந்த ஆஸ்பத்திரி மென்பொருளை எழுதியவன், தன் மச்சானின் கட்டிலருகே திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றான். முகவரியோ ஒவ்வாமையோ, எந்த வகைத் தகவலையும் தேடித்தர ஜெனரிக்ஸ் என்ற பொது வார்ப்பில் ஒரே மெத்தட், அதாவது ஒரே நிரல்துண்டு, எழுதியிருந்தான். பதிவு எதுவும் கிடைக்காவிட்டால் அது காலி ஆப்ஷனலை, அதாவது உள்ளே ஒன்றுமில்லாத ஒரு பெட்டியைத் திருப்பித் தரும். அப்போது நோயாளியிடம் கேட்கச் சொல்லி எச்சரிப்பதுதான் முறை. இவனோ சோம்பேறித்தனமாக, காலியாக வந்ததற்கெல்லாம் 'இல்லை' என்று காட்டவைத்துக் கைகழுவியிருந்தான்.

"இவருக்கு ஒத்துக்காத மருந்து வேற ஏதாவது இருக்கா சார்?"

'இல்லை' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தெரியாதும்மா," என்றான். "அந்த ஸ்கிரீன்லயும் நான் அப்படித்தான் எழுதியிருக்கணும்."